வூஸ்டர் நீதிமன்றப் படிகள்: மாசசூசெட்ஸ் உழவர் எழுச்சி, 1786–87

1774 செப்டம்பர் 6. அமெரிக்காவில், மாசசூசெட்ஸின் உள்நாட்டு ஊரான வூஸ்டரில் அன்று கோர்ட் கூட வேண்டிய நாள். சுற்றுவட்டாரத்தின் 37 ஊர்ப்படைகளிலிருந்து 4,622 பேர் திரண்டு வந்து தெருவின் இருபுறமும் வரிசை கட்டி நின்றார்கள். பிரிட்டிஷ் மன்னரின் பெயரால் நீதி வழங்க வந்த நீதிபதிகளும் அலுவலர்களும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்தார்கள். பதவியைத் துறக்கிறோம் என்ற வாசகத்தைக் கடைசி வரிசை வரை எல்லார் காதிலும் விழும்படி திரும்பத் திரும்பப் படித்தார்கள். கோர்ட் கூடவில்லை. லெக்சிங்டனில் விடுதலைப் போரின் முதல் துப்பாக்கி வெடிப்பதற்கு ஏழு மாதம் முன்னதாகவே மன்னராட்சி அந்த மாவட்டத்தில் முடிந்துபோனது.

1786 செப்டம்பர் 5. அதே வூஸ்டர், அதே நீதிமன்றம். பன்னிரண்டு ஆண்டு நிறைய ஒரு நாள்தான் குறைவு. மறுபடியும் உழவர்கள் வந்து கதவை மறித்து நின்றார்கள். இந்த முறை நீதிபதியாக வந்தவர் ஆர்ட்டெமஸ் வார்டு. 1775-ல் வாஷிங்டன் வந்து பொறுப்பேற்கும் வரை பாஸ்டன் முற்றுகைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் அவர். வாசலை மறித்தவர்களில் பலர் போரில் துப்பாக்கி தூக்கியவர்கள். வார்டு படியேறினார். துப்பாக்கிமுனை ஈட்டிகள் அங்கியைத் தொடும் அளவுக்கு நெருங்கின. அவர் பின்வாங்கவில்லை, அங்கேயே நின்று நெடுநேரம் பேசினார். கூட்டம் மரியாதையோடு கேட்டுக்கொண்டது, ஆனால் வழி விடவில்லை. கடைசியில் கோர்ட் ஒத்திவைக்கப்பட்டது.

1774-ல் செய்ததற்குப் பெயர் விடுதலைப் போர். 1786-ல் அதையே செய்ததற்குப் பெயர் கலகம். 'ஷேய்ஸ் கலகம்' என்று பாடநூல்களில் அரைப்பக்கத்தில் முடிந்துவிடும் இந்த எழுச்சியை நான் இந்தப் படிகளிலிருந்தே பார்க்க விரும்புகிறேன். குடியரசு என்பது குடிகளின் அரசு என்று தமிழ்ச்சொல்லே சொல்லிவிடுகிறது. அந்த அரசையே குடிகள் மறித்து நின்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? புதிய நாட்டுக்கு அந்தக் கேள்வி மிகச் சீக்கிரமே வந்துவிட்டது.

கடன் ஊருக்குள் வந்த வழி

1783-ல் பிரிட்டனோடு சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. பாஸ்டன் வணிகர்கள் பிரிட்டிஷ் சரக்குகளைக் கடனுக்கு வாங்கிக் குவித்தார்கள். அதே ஆண்டில் பிரிட்டன் தன் மேற்கிந்தியத் தீவுகளின் துறைமுகங்களை அமெரிக்கக் கப்பல்களுக்கு மூடியது. மீனும் மரமும் இறைச்சியும் விற்றுக் காசு பார்த்த சந்தை அது. வருமானம் நின்றதும் லண்டன் கடன்காரர்கள் பணத்தைக் கேட்டார்கள், அதுவும் வெள்ளியாக, தங்கமாக. பாஸ்டன் வணிகர் உள்நாட்டுக் கடைக்காரரை நெருக்கினார். கடைக்காரர் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டு உழவர் வீட்டு வாசலுக்கு வந்தார்.

அந்த நோட்டில் இருந்தது பெரும்பாலும் பழைய பழக்கத்துக் கடன். ஆணி, உப்பு, சர்க்கரைப்பாகு எல்லாம் முதலில் வாங்கிக்கொள்வது. அறுவடையில் தானியமாகவோ, கன்றாகவோ, இரண்டு நாள் வேலையாகவோ கழிப்பது. கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் அதன் கிழக்கு மேட்டு ஊர்களிலும் ரொக்கம் கண்ணில் படுவதே அபூர்வம். கையில் காசில்லை என்பதும் ஆள் நொடித்துப்போனார் என்பதும் அங்கே வேறு வேறு. கோர்ட்டுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. வழக்கு, அதற்கு மேல் கோர்ட் செலவு, அதற்கு மேல் வக்கீல் செலவு, பிறகு ஜப்தி. அவிழ்த்துக்கொண்டு போன மாடு ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போகும். அதிலும் அடையாத பாக்கிக்கு ஆளையே சிறையில் போடலாம்.

இதோடு நின்றிருந்தால் அது ஒரு வறட்சிக் காலம் போல வந்து போயிருக்கும். கலகத்துக்கு விறகாக வந்து விழுந்தது மாநில அரசின் வரி.

போரின்போது வீரர்களுக்குச் சம்பளம் பணமாகக் கிடைக்கவில்லை, பின்னால் பணம் தருவதாகச் சொல்லும் கடன் பத்திரமாகக் கிடைத்தது. ஊர் திரும்பியவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக அதை முகமதிப்பில் சிறு பகுதிக்கு விற்றார்கள். வாங்கிச் சேர்த்தவர்கள் கையில் ரொக்கம் இருந்தவர்கள், அதாவது பெரும்பாலும் கடற்கரை நகரத்தார். மாநில அரசு அந்தக் கடனை முழு மதிப்புக்கே, வட்டியோடு, விரைவாக அடைப்பது என்று முடிவெடுத்தது. அதற்கான பணம் நிலவரியிலும், பதினாறு வயதைத் தாண்டிய ஒவ்வொரு ஆண் மீதும் விழுந்த தலைவரியிலும் இருந்து வரவேண்டும். தலைவரி பணக்காரருக்கும் கூலியாளுக்கும் ஒரே தொகை. மன்னர் காலத்தில் கட்டியதைப் போல் பல மடங்கு வரி இப்போது தாங்களே தேர்ந்தெடுத்த அரசுக்குக் கட்டவேண்டியிருந்தது. இரத்தம் சிந்திப் பெற்ற பத்திரத்தைக் காலணாவுக்கு விற்ற வீரர், அதே பத்திரத்தை வாங்கியவருக்கு முழுப் பணம் கொடுக்க வரி கட்டினார். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளாமல் மற்ற எதையும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து.

அந்த வீரர்களில் ஒருவர் பெல்ஹாம் ஊர்க்காரர் டேனியல் ஷேய்ஸ். கூலிவேலை செய்து வளர்ந்தவர். பங்கர் ஹில், சரட்டோகா, ஸ்டோனி பாயின்ட் களங்களில் நின்று கேப்டனாக உயர்ந்தவர். பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் அவருக்கு ஒரு வாளைப் பரிசளித்திருந்தார். பணமுடையில் ஷேய்ஸ் அதை விற்றுவிட்டார். பிற்காலத்தில் அவரை இழித்துப் பேசியவர்கள் இதை மானக்கேடாகச் சொன்னார்கள். எனக்கோ அந்த வீட்டு நிலைமையைச் சொல்ல இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மனு, மாநாடு, மறியல்

உழவர்கள் எடுத்த எடுப்பில் துப்பாக்கியைத் தூக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் ஊர்க்கூட்டம் போட்டு மனு எழுதினார்கள். காகிதப் பணம் வெளியிடுங்கள், தானியத்தையும் கால்நடையையும் கடனுக்கு ஈடாக ஏற்றுக்கொள்ளச் சட்டம் போடுங்கள், கோர்ட் செலவைக் குறையுங்கள், சட்டமன்றத்தைப் பாஸ்டனிலிருந்து உள்ளே நகர்த்துங்கள், மேலவையை எடுத்துவிடுங்கள். 1786 ஆகஸ்ட் 22-ல் ஹாட்ஃபீல்டில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் 50 ஊர்களிலிருந்து பிரதிநிதிகள் கூடி, இத்தகைய குறைகளை வரிசையாக எழுதினார்கள். கலவரக் கூட்டங்களில் சேரவேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டே கலைந்தார்கள்.

அது கலைந்த நான்காம் நாள், ஆகஸ்ட் 29-ல், ஏறத்தாழ 1,500 பேர் நார்தாம்ப்டன் கோர்ட்டை மூடினார்கள். அடுத்து வூஸ்டர், பிறகு கான்கார்டு, கிரேட் பேரிங்டன். கோர்ட் கூடாவிட்டால் வழக்கு இல்லை. வழக்கு இல்லாவிட்டால் ஜப்தி இல்லை. அடுத்த தேர்தல் வரும்வரை மாட்டைக் கொட்டிலில் காப்பாற்றிக்கொள்வதே கணக்கு. தங்களை அவர்கள் 'நெறிப்படுத்துவோர்' என்று அழைத்துக்கொண்டார்கள். தொப்பியில் ஒரு பசுந்தழையைச் செருகிக்கொண்டார்கள். 'ஷேய்ஸ் கலகம்' என்பது எதிர்த்தரப்பு இட்ட பெயர். தன் பழைய தளபதி ரூபஸ் புட்னமிடம் பேசும்போது ஷேய்ஸ், தான் இவர்களுக்குத் தலைவன் இல்லை என்று மறுத்தார். பல ஊர்களின் எழுச்சி ஒருவர் பெயரில் சுருங்கும்போது குறை மறைந்து சதி மட்டும் மிஞ்சுகிறது.

கிரேட் பேரிங்டனில் நடந்தது என்னை இன்றும் நிறுத்தி யோசிக்க வைக்கிறது. கோர்ட்டைக் காக்க அழைக்கப்பட்ட ஊர்ப்படையினரும் மறிக்க வந்தவர்களுமாக ஏறத்தாழ 1,000 பேர் அங்கே நின்றார்கள். கோர்ட் கூடலாம் என்பவர்கள் சாலைக்கு ஒருபுறம், கூடாது என்பவர்கள் மறுபுறம் போய் நிற்கச் சொல்லப்பட்டது. சுமார் 800 பேர் 'கூடாது' பக்கம் போய் நின்றார்கள். காக்க வந்த படையிலும் பெரும்பாலோர் மறியலின் பக்கம்தான் என்பது அந்தச் சாலையில் வெட்டவெளிச்சமானது.

சாமுவேல் ஆடம்ஸின் பதில்

புரட்சிக்காலத்தில் ஊர் ஊராகக் குழு அமைத்து மக்களைத் திரட்டியவர் சாமுவேல் ஆடம்ஸ். 1786-ல் அவர் மாநில அரசின் பக்கம் நின்றார். அவர் வாதம் இது: மன்னராட்சியில் நம் கையில் வேறு வழி இருக்கவில்லை, அதனால் குழுக்கள் அமைத்தோம். இன்று ஆளுநரும் சட்டமன்றமும் ஆண்டுதோறும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பிடிக்காவிட்டால் ஏப்ரல் தேர்தலில் மாற்றலாம். முடியாட்சியில் கலகம் செய்தவனை மன்னிக்கலாம். குடியரசின் சட்டத்தை எதிர்த்துக் கலகம் செய்கிறவன் சாகவேண்டியவன் என்றார்.

இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. கோர்ட்டை மூடும் உரிமை யாருக்கு உண்டு, எத்தனை பேர் சேர்ந்தால் அது மக்கள் என்று ஆகும் என்பதற்கு மறியல்காரர்களிடம் தெளிவான பதில் இல்லை. பிரதிநிதிக்கான செலவை ஊரே ஏற்கவேண்டும் என்பதால் மேற்குப்பகுதி ஊர்கள் பல, பாஸ்டனுக்கு ஆளையே அனுப்பாமல் விட்டிருந்தன என்பதும் உண்மை.

ஆனால் ஆடம்ஸ் சொன்ன 'மக்கள்' யார் என்று அவருடைய மாநில அரசியல் சட்டத்தையே திறந்து பார்க்கலாம். அவருடைய உறவினர் ஜான் ஆடம்ஸ் பெரும்பகுதியை எழுதி 1780-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. ஆண்டுக்கு 3 பவுன் வருமானம் தரும் நிலமோ, 60 பவுன் மதிப்புள்ள சொத்தோ இருக்கும் ஆண்களுக்கே வாக்கு. ஆளுநர் ஆக 1,000 பவுன் மதிப்புள்ள நிலம் வேண்டும். மேலவை இடங்கள் தலையெண்ணிக்கைப்படி பிரிக்கப்படவில்லை. மாவட்டம் கட்டும் வரிப்படி பிரிக்கப்பட்டன. 40 இடங்களில் கடற்கரையின் சஃபோக், எசெக்ஸ் மாவட்டங்களுக்கு 12. உள்நாட்டின் வூஸ்டர், ஹாம்ப்ஷயர், பெர்க்ஷயர் மூன்றுக்கும் சேர்த்து 11. 1790 கணக்கெடுப்பில் அந்த இரண்டிலும் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர், இந்த மூன்றிலும் ஒன்றரை லட்சத்தை நெருங்கிய மக்கள். கீழவை நிறைவேற்றும் எந்த நிவாரணத்தையும் மேலவை நிறுத்திவைக்க முடியும். மேலவையை எடுத்துவிடுங்கள் என்று ஹாட்ஃபீல்டில் எழுதியவர்கள் வெறும் கோபத்தில் எழுதவில்லை. மடை எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிந்தே எழுதினார்கள்.

பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டிலும் அதே ஆண்டு அதே நெருக்கடி. அங்கே கீழவைக்கு ஆண்டுக்கு இருமுறை தேர்தல். 1786 வசந்தத்தில் நாட்டுப்புறக் கட்சி வென்று 1,00,000 பவுன் காகிதப் பணம் அச்சிட்டது. மதிப்பு விழுந்தது, அந்தப் பணத்தை வாங்க மறுத்துக் கடன் கொடுத்தவர்கள் கடையை மூடினார்கள். குளறுபடிதான், மறுக்கவில்லை. ஆனாலும் பீரங்கி வெடிக்கவில்லை.

பாஸ்டனில் ஆளுநர் ஜேம்ஸ் போடின், தானே பெரிய வணிகர், வேறு வழியை எடுத்தார். அக்டோபரில் கலவரத் தடைச்சட்டம். நவம்பரில், விசாரணையின்றிச் சிறை வைப்பதற்கு எதிரான ஆட்கொணர்வு உரிமை நிறுத்திவைப்பு. கூடவே சில சலுகைகளும் வந்தன. பழைய வரிப்பாக்கி சிலவற்றைப் பொருளாகக் கட்டலாம் என்றார்கள். நவம்பர் இறுதியில் குதிரைப்படை கிராட்டனுக்குப் போய் மறியல் தலைவர் ஜோப் ஷாட்டக்கைப் பிடித்தது. பிடிக்கும்போது வாள்வெட்டு முழங்காலில் இறங்கியது. அந்தச் செய்தி மேற்கே பரவிய பிறகு பேச்சு மாறிப்போனது. கோர்ட்டை மூடுவதற்காகக் கூடியவர்கள், அரசோடு மோதுவதற்கு ஆயத்தமானார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. பாஸ்டனின் கறுப்பினச் சமூகத் தலைவர் பிரின்ஸ் ஹால், கலகத்தை அடக்க 700 பேர் தருகிறோம் என்று நவம்பரில் போடினுக்கு எழுதினார். அரசு ஏற்கவில்லை. மறுபுறம், குற்றஞ்சாட்டப்பட்ட கலகக்காரர்கள் பட்டியலில் மோசஸ் சாஷ் என்ற கறுப்பினப் போர்வீரரின் பெயர் இருக்கிறது. அந்த மாநிலத்தில் அடிமைமுறை நீதிமன்றத் தீர்ப்பால் ஆட்டம் கண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்தக் குடியரசில் எங்களுக்கும் இடம் உண்டா என்ற ஒரே கேள்விக்கு இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று பதில் தேடினார்கள்.

ஸ்பிரிங்ஃபீல்டு, 1787 ஜனவரி 25

ஜனவரித் தொடக்கத்தில் போடின் 4,400 பேர் கொண்ட படையைத் திரட்ட ஆணையிட்டார். கஜானாவில் பணமில்லை. தளபதி பெஞ்சமின் லிங்கன் பாஸ்டன் செல்வந்தர்களிடம் நேரில் போய்க் கேட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட வணிகர்கள் கடனாகக் கொடுத்தார்கள். சட்டத்தைக் காக்கப் புறப்பட்ட படைக்குச் சம்பளம் பத்திரக்காரர் வட்டாரத்தின் பணப்பெட்டியிலிருந்து வந்தது. மேற்கே இருந்தவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

லிங்கன் வருவதற்குள் ஸ்பிரிங்ஃபீல்டின் ஆயுதக்கிடங்கைப் பிடிப்பது கலகக்காரர்கள் திட்டம். உள்ளே வில்லியம் ஷெப்பர்டு தலைமையில் சுமார் 1,200 பேர், பீரங்கியோடு. ஷேய்ஸ் கிழக்கிலிருந்தும், லூக் டே மேற்கிலிருந்தும், ஈலை பார்சன்ஸ் வடக்கிலிருந்தும் ஒரே நாளில் வரவேண்டும். டே கடைசி நேரத்தில், ஒரு நாள் தள்ளி 26-ல்தான் வரமுடியும் என்று சீட்டு எழுதினார். சீட்டு கொண்டுபோன ஆளை ஷெப்பர்டின் ஆட்கள் வழியிலேயே மடக்கிவிட்டார்கள். 25-ஆம் தேதி மாலை, ஆழமான பனியில், ஷேய்ஸின் ஆட்கள் பாஸ்டன் சாலை வழியே வரிசையாக நடந்து வந்தார்கள். தன் ஊர்க்காரர்கள், தன்னோடு போரில் நின்றவர்கள் தங்களைச் சுடமாட்டார்கள் என்றுதான் பலர் நம்பினார்கள். முதல் குண்டுகள் தலைக்கு மேலே போயின. அடுத்துச் சிதறுகுண்டு நடுவரிசையில் விழுந்தது. நால்வர் செத்தார்கள், இருபது பேர் அளவில் காயம். "கொலை, கொலை" என்ற கூக்குரலோடு கூட்டம் சிதறி ஓடியது. கலகக்காரர்கள் பக்கமிருந்து ஒரு குண்டும் சுடப்படவில்லை.

ஆயுதக்கிடங்கை நோக்கி நடந்தது அவர்கள் செய்த பெரும் பிழை என்றே நான் நினைக்கிறேன். கோர்ட் வாசலில் நின்றவரை, 1774-ல் செய்ததையே செய்கிறோம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருந்தது. பீரங்கிகளை நோக்கி அடியெடுத்து வைத்த பிறகு, அதுவரை இரக்கப்பட்டவர்களும் விலகிக்கொண்டார்கள்.

மிச்சம் விரைவில் முடிந்தது. பிப்ரவரி 3 இரவு லிங்கனின் படை ஹாட்லியிலிருந்து பனிப்புயலில் 30 மைல் நடந்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் காலை பீட்டர்ஷாமில் ஷேய்ஸின் முகாமை எதிர்பாராமல் வளைத்தது. சுமார் 150 பேர் பிடிபட்டார்கள். ஷேய்ஸ் வெர்மான்ட்டுக்குத் தப்பினார். மாத இறுதியில் ஷெஃபீல்டு அருகே இன்னொரு மோதல். அத்தோடு ஆயுத எதிர்ப்பு ஓய்ந்தது.

துப்பாக்கிக்குப் பின் வாக்கு

பிப்ரவரியில் சட்டமன்றம் ஒரு தகுதிநீக்கச் சட்டம் போட்டது. கலகத்தில் சேர்ந்தவர்களுக்கு மூன்றாண்டு வாக்கில்லை, பதவியில்லை, ஜூரி இடமில்லை. பள்ளி ஆசிரியராகவோ சத்திரம் நடத்துபவராகவோ கூட இருக்கக்கூடாது. ஏறத்தாழ 4,000 பேர் கையெழுத்திட்டுச் சரணடைந்தார்கள். அந்தப் பெயர்களைக் கொண்டு ஊர் ஊராகத் தேடிய வரலாற்றாய்வாளர்கள், கடன் வழக்கில் மாட்டாதவர்களும் வசதியான குடும்பத்தாரும் அதில் கணிசமாக இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள். வெறும் கடனாளிக் கூட்டம் என்ற பழைய விளக்கம் நிற்காது. வரியும் பிரதிநிதித்துவமும் சேர்ந்தே அவர்களை இழுத்து வந்தன.

ஏப்ரலில் தேர்தல் வந்தது. ஆடம்ஸ் சொன்ன அதே ஏப்ரல். வென்றவர் என்று பெருமைப்பட்ட போடினை ஜான் ஹான்காக் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் தோற்கடித்தார். கீழவையில் பெரும்பாலான முகங்கள் மாறின. புதிய சட்டமன்றம் நேரடி வரியின் சுமையை வெகுவாக இறக்கியது; தகுதிநீக்கத்தைத் தளர்த்தியது. மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் தப்பினார்கள். 1787 டிசம்பர் 6-ல் லெனாக்ஸில் தூக்கிலிடப்பட்ட ஜான் பிளை, சார்லஸ் ரோஸ் இருவர் மீதும் இருந்தது கொள்ளைக் குற்றம். ஷேய்ஸுக்கு 1788-ல் மன்னிப்பு. கேட்டவற்றில் பெரும்பகுதியைச் சில மாதத்தில் கொடுக்க முடிந்தது என்றால், ஸ்பிரிங்ஃபீல்டில் விழுந்த நான்கு உயிர்களுக்கு முன்னதாகவே அதைக் கொடுத்திருக்க முடியும். போடின் அரசு மீது எனக்குள்ள தீராத வருத்தம் இதுதான்.

மாநிலத்துக்கு வெளியே கதை வேறாகப் போனது. போர்த்துறைச் செயலர் ஹென்றி நாக்ஸ், கலகக்காரர்கள் சொத்தையெல்லாம் பொதுவாக்கப் பார்க்கிறார்கள் என்று வாஷிங்டனுக்கு எழுதினார். அவர்கள் மனுக்களில் அப்படி ஒரு வரி இல்லை. தங்கள் சொத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவர்கள் மன்றாடினார்கள். ஆனால் தன் பண்ணையான மவுன்ட் வெர்னானில் அமர்ந்து கடிதங்கள் வழியாக மட்டுமே செய்தி அறிந்த வாஷிங்டன் அதிர்ந்துபோனார். பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெபர்சனோ, அவ்வப்போது சிறு கலகம் வருவது நல்லதே என்று வர்ஜீனியா அரசியல்வாதி மேடிசனுக்கு எழுதினார். 1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடிய, மாநிலங்களின் பிரதிநிதிகள் மாநாட்டில் மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் ஜெரி, நம் தீமைகள் அளவுமீறிய ஜனநாயகத்திலிருந்து வருகின்றன என்றார். அங்கே நாடு முழுவதற்கும் எழுதப்பட்ட அரசியல் சட்டம், மாநிலங்கள் காகிதப் பணம் வெளியிடுவதையும் ஒப்பந்தக் கடப்பாடுகளைத் தளர்த்துவதையும் தடுத்தது. கலகங்களை அடக்க ஊர்ப்படைகளை அழைக்கும் அதிகாரத்தைக் கூட்டரசுக்குக் கொடுத்தது. ஹாட்ஃபீல்டில் கேட்ட முதல் கோரிக்கைகளுக்கு நாடு முழுவதும் கதவு சாத்தப்பட்டது.

அந்தச் சட்டத்தை ஏற்பதா என்று முடிவெடுக்க மாசசூசெட்ஸ் மாநாடு பாஸ்டனில் கூடியது. 1788 ஜனவரி 25-ல், ஸ்பிரிங்ஃபீல்டு பீரங்கி வெடித்து ஓராண்டு நிறைந்த அன்று, இரண்டு கிராமத்தார் எழுந்தார்கள். சட்டன் ஊர் ஏமஸ் சிங்கிள்ட்டரி, வக்கீல்களும் படித்தவர்களும் பணக்காரர்களும் அதிகாரம் முழுவதையும் பணம் முழுவதையும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு, நம்மைப் போன்ற சின்ன மனிதர்களைப் பெருங்கடல் விலங்கு போல விழுங்கிவிடுவார்கள் என்றார். லேன்ஸ்பரோ ஊர் ஜொனாதன் ஸ்மித் பதில் சொன்னார். நான் ஏர் பிடித்துப் பிழைக்கிறவன், பேசிப் பழக்கமில்லாதவன் என்று தொடங்கி, சென்ற குளிர்காலத்தில் எழுந்த கருமேகத்தைப் பற்றியும், அரசில்லாத நாட்களில் வீட்டுக்குள் வந்த பயத்தைப் பற்றியும் சொன்னார். இந்தச் சட்டத்தைப் படித்தேன், நம் நோய்க்கு மருந்து இதில் இருக்கிறது என்றார்.

பிப்ரவரி 6-ல் வாக்கெடுப்பு நடந்தது. திருத்தங்களைப் பரிந்துரைக்கும் உறுதியோடு 187-க்கு 168 என்று சட்டம் தேறியது. வூஸ்டர் மாவட்டத்திலிருந்து வாக்களித்த 50 பேரில் 43 பேர் அதற்கு எதிராகக் கை தூக்கினார்கள்.